ஊசித் தராசு வாங்கும்போது காந்தத்தையும் எடுத்துப் போங்கள்

இசைத்தட்டு ஊசியின் அழுத்தம் பார்க்கத் தராசு வாங்கப் போனால், ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தராசுத் தட்டில் அது ஒட்டினால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். ஊசி பொருந்தியிருக்கும் காட்ரிஜுக்குள் காந்தம் இருப்பதால், இரும்புத் தட்டு ஊசியை ‘டக்’கென்று இழுக்கும், ஊசித்தண்டு வளையலாம், தராசு காட்டும் அளவையும் நம்ப முடியாது. எவர்சில்வரில் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது, பார்த்துச் சொல்ல முடியாது.

சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் சுலபமாகக் கிடைப்பது கேக் மாவு நிறுக்கும் தராசு. அது உதவாது. ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்ற காட்ரிஜுக்குச் சொன்ன அழுத்தம் 1.8 கிராம், வரம்பு 1.6 முதல் 2.0 வரை, 0.01 கிராம் காட்டும் தராசே வேண்டும். நகை நிறுக்கும் பாக்கெட் தராசு போதும், ஆனால் உயரம் அதிகம். ஊசியைத் தாங்கும் கை மேலே தூக்கி நின்றால் பல டர்ன்டேபிள்களில் அளவு மாறும். குளிர்பான டின்னில் ஒரு துண்டு வெட்டி, முனையை மழுக்கி, தட்டில் டேப் போட்டு ஒட்டி, நுனி இசைத்தட்டு மட்டத்துக்கு இறங்கும்படி வளைத்துவிடுங்கள். பூஜ்யமாக்கிவிட்டு நுனியில் ஊசியை வையுங்கள்.

பெட்டி மாதிரி மூடித் தூக்கிப் போகும் பிளேயர்களில் பெரும்பாலும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க, கையின் பின்முனையில் உள்ள எடையைத் திருப்ப வழியே இருக்காது. அதற்குத் தராசு தண்டச் செலவு.