டிரஸ்டா, சங்கமா? பதிவுக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

பாலக்கோடு பக்கத்தில் ஓர் ஊர். ஏரியைத் தூர்வார இளைஞர்கள் சேர்ந்தார்கள், வீட்டுக்கு வீடு வசூல் நடந்தது. ‘டிரஸ்ட்’ என்றால்தான் மதிப்பு என்று யாரோ சொல்ல, ஒரே நாளில் பத்திரம் பதிவாகிவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து ஊரார் கணக்குக் கேட்டபோது, அந்தப் பத்திரத்தை வாசித்துக் காட்டியவன் நான். அறங்காவலர்கள் மூன்று பேர், மூவரும் ஒரே வீட்டார். பணம் கொடுத்த குடும்பங்களுக்கு அதில் எங்கும் வாக்கு இல்லை. வாசித்து முடித்தபோது யாரும் பேசவில்லை.

முதல் தவறு இதுதான். பலர் பணமும் உழைப்பும் போட்டு, பலரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய வேலைக்குச் சங்கமே பொருத்தம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பொதுக்குழு உண்டு, தேர்தல் உண்டு. டிரஸ்ட், அதாவது அறக்கட்டளை, வேறு வகை. ஒருவர் தன் நிலத்தையோ பணத்தையோ ஓர் அறத்துக்கென ஒதுக்கி, நம்பிக்கையானவர்களிடம் ஒப்படைப்பது அது. அறங்காவலர் தவறினால், அக்கறையுள்ள இருவராவது சேர்ந்து, அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்படி நீதிமன்றம் போக வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு எத்தனை வாய்தாவுக்கு அலைய முடியும்?

அடுத்தது, இன்னொருவர் பத்திரத்தை அப்படியே நகலெடுப்பது. 1882ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. பொது அறக்கட்டளைக்கு அது நேரடியாகப் பொருந்தாது; அதற்கு உயிர்நாடி அதன் பத்திரம்தான். அந்த ஏரி டிரஸ்டின் நோக்கப் பகுதியில் ஆதரவற்றோர் இல்லம், தையல் பயிற்சி எல்லாம் இருந்தன. ‘ஏரி’ என்ற சொல் மட்டும் இல்லை. ஓர் அறங்காவலர் இறந்தால் அடுத்தவர் யார், விதியை எப்படித் திருத்துவது, கலைத்தால் சொத்து எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாத பத்திரத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

கிருஷ்ணகிரி மாம்பழ விவசாயிகள் கேட்பது வேறு. சங்கமாகப் பதிந்து, மாங்கூழ் விற்று, இலாபத்தைப் பங்கிட முடியுமா என்கிறார்கள். முடியாது. தொண்டுச் சங்கத்தின் உபரி அதன் நோக்கத்துக்கே செல்ல வேண்டும். பங்கு வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கமாகவோ, பத்து விவசாயிகளாவது சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ தொடங்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை, ஆனால் அது தொண்டு நிறுவனம் ஆகாது. கம்பெனிச் சட்டம் 8ஆம் பிரிவின்கீழ் வரும் இலாப நோக்கமற்ற நிறுவனத்தைத் தொடங்க இருவர் போதும். ஆனால் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யத் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு நூறு ரூபாய் கூடுதல் கட்டணம். சிறிய ஊர் வேலைக்கு இந்தச் சுமை தேவையில்லை.

பதிவு முடிந்தாலே வரிவிலக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் மிகப் பலர். வருமான வரித்துறையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நன்கொடை கொடுத்தவருக்கு வரியைக் குறைக்கும், எல்லோரும் ‘80ஜி’ என்று சொல்லும் சலுகையும் அங்கிருந்துதான் வரும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. ஓசூர்த் தொழிற்சாலைகள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் ‘சமூகப் பொறுப்பு நிதி’யை நம்பிப் புதிதாகத் தொடங்குவோரும் கவனிக்க வேண்டும்: பெரும்பாலும் மூன்று ஆண்டு அனுபவமும் வரிப் பதிவும் கேட்பார்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் பணம் அனுப்புகிறார். அவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் ஆகும். மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொடக்கூடாது. ஆகவே பணம் வருவதற்கு முன்பே அவருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்டுவிடுங்கள்.

அந்த ஏரி இளைஞர்கள் இப்போது தனியாகச் சங்கம் பதிகிறார்கள். பைலாவை, அதாவது சங்க விதிகளை, ஊர்க்கூட்டத்தில் வரி வரியாக வாசித்தோம். ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்கும் முன் கோயில் சுவரில் ஒட்ட வேண்டும் என்று ஒரு பாட்டி சொன்னார். அதையும் ஒரு விதியாக எழுதிக்கொண்டோம்.