வாஷிங் மெஷின் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? எந்த நேரத்தில் விழுகிறது என்று பாருங்கள்

மெஷினைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் போகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த நேரத்தில் போகிறது என்றுதான். பிளக்கைச் செருகியவுடனா, தண்ணீர் எடுக்கும்போதா, சூடாகும்போதா, பிழியும்போதா? இதை வடிவாகக் கவனித்து வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்புகிற வீடியோவைப் பார்த்து இங்கே யாழ்ப்பாணத்தில் அப்படியே செய்ய முடியாது. அங்கே குளியலறை, உடுப்புத் தோய்க்கிற அறை மாதிரியான இடங்களில் பிளக் பொயின்ட்டிலேயே இரண்டு பொத்தானோடு ட்ரிப் இருக்கும், 5 மில்லிஅம்பியர் அளவு கசிந்தாலே அந்தப் பொயின்ட் மட்டும் நின்றுவிடும். நம் வீடுகளில் பெரும்பாலும் மெயின் போர்ட்டில் முழு வீட்டுக்கும் ஒரேயொரு ட்ரிப் சுவிட்ச், 30 மில்லிஅம்பியர். லைனில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், எங்கேயோ எர்த்துக்கு ஓடுகிறது, இறங்கிவிடும். 30 என்று போட்டிருந்தாலும் கசிவு 15 மில்லிஅம்பியரைத் தாண்டினால் எந்த அளவிலும் விழலாம். ஃப்ரிட்ஜ், கிணற்று மோட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கசியவிடுகிற சாமான்கள்தான், மெஷின் கடைசியாக வந்து சேர்ந்ததால் அதன் தலையில் பழி விழுந்திருக்கலாம். அதனால் மற்ற எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு மெஷினை மட்டும் ஒருக்கா போட்டுப் பாருங்கள். அதே பொயின்ட்டில் மூன்று பின் அயன்பொக்ஸையும் போட்டுப் பாருங்கள், அதற்கும் விழுந்தால் கோளாறு பொயின்ட்டிலோ வயரிங்கிலோ இருக்கக்கூடும். விழுவது டி (T, டெஸ்ட்) என்று எழுதிய பொத்தான் உள்ள சுவிட்ச்தானா என்பதும் முக்கியம். பக்கத்தில் இருக்கிற சின்ன பிரேக்கர் விழுந்தால் அது ஓவர்லோட் அல்லது ஷோர்ட், வேறு கதை.

சரி, மெஷின்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது.

செருகியவுடனே விழுந்தால் வயர், பிளக், அல்லது வயர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கிற கரண்ட் ஃபில்டர். எலி கடிக்கிறதும் இங்கேதான், அடிப்பக்கம் திறந்திருக்கிற மெஷினைப் பின் விறாந்தையில் வைத்தால் அது எலிக்கு வீடு கட்டிக் கொடுத்ததுதான். தண்ணீர் எடுக்கத் தொடங்கும்போது விழுந்தால் தண்ணீர் வால்வையும் அதன்மேல் எங்கிருந்தாவது சொட்டுகிறதா என்பதையும் பாருங்கள். தண்ணீரை வெளியே விடும்போது என்றால் ட்ரெயின் பம்ப். பிழியும்போது என்றால் மோட்டர், அல்லது டிரம் ஆடும்போது தகட்டில் உரசி உரசித் தோல் போன வயர். இரண்டு தொட்டி மெஷினில், பிழிகிற தொட்டிக்குக் கீழே இருக்கிற ரப்பர் சீல் தேய்ந்து தண்ணீர் நேராக மோட்டரில் சொட்டும். வாளியால் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் டைமர் இருக்கிற மேல் பலகையையும் நனைத்துவிடுவார்கள், அதை ஒரு நாள் காயவிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முன்பக்கம் கதவுள்ள மெஷின் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஹீட்டரைத்தான். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருகிறது, கேத்தலுக்குள் படிகிற அந்த வெள்ளைப் படிவம் ஹீட்டர் குழாயிலும் படியும், சூடு வெளியே போக வழியில்லாமல் குழாய் வெடித்துத் தண்ணீர் உள்ளே போகும். கழற்றிப் படிவத்தைச் சுரண்டினால் சில நேரம் ஊசி முனை அளவு ஓட்டையும் அதைச் சுற்றிக் கறுத்த வட்டமும் தெரியும். கழற்ற முன்னம் சோதிக்க இலேசான வழி: சூடில்லாமல் பச்சைத் தண்ணீரில் ஒரு வோஷ் போடுங்கள். அது முழுதாக ஓடி, 40 பாகை வைத்தால் கொஞ்ச நேரத்தில் விழுகிறது என்றால் அனேகமாக ஹீட்டர்தான். புதிது வரும்வரை பச்சைத் தண்ணீரிலேயே தோய்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், ஓட்டை அப்படியே இருக்கிறது.

இன்னொன்று கன பேரைக் குழப்பும். மெஷின் ஓஃபில் இருக்கிறது, சுவரில் சுவிட்சும் ஓஃப், ஆனால் கிணற்று மோட்டரைப் போட்டவுடன் ட்ரிப் விழுகிறது. மெஷின் பிளக்கை இழுத்துவிட்டால் விழவில்லை. மோட்டரில் பிழையில்லை. சுவர் சுவிட்ச் பெரும்பாலும் லைனை மட்டும்தான் வெட்டும், மெஷினுக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் பெரிய லோட் ஏறும்போது நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு அந்த வழியே போகும்.

மல்டிமீட்டர் இருந்தால், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு மட்டும், எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்னுக்கும் இடையே தனித்தனியாக அளந்து பாருங்கள். மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டும், அல்லது ஒன்றும் காட்டக் கூடாது. 2000 வோட்ஸ் ஹீட்டரின் வயர்களைக் கழற்றி இரண்டு முனைக்கும் இடையே அளந்தால் 26 ஓம் அளவு வரும், முனைக்கும் உடம்புக்கும் இடையே எதுவும் வரக் கூடாது. மீட்டரின் சின்ன பேட்டரிக்குச் சில கசிவு தெரியாது, அதற்கு 500 வோல்ட் கொடுத்துக் கசிவை அளக்கிற மெகர் என்ற மீட்டர் வேண்டும், அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மெஷினுக்குள் இருக்கிற எலக்ட்ரோனிக் போர்ட்டைக் கழற்றாமல் மெகர் போட்டால் அந்தப் போர்ட் போய்விடலாம்.

எர்த் பின்னை வெட்டுகிற வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய உருண்டைப் பின் பொயின்ட்டில் சதுரப் பின் பிளக்கைப் போட மலிவான அடப்டர் வாங்குகிறார்கள், சிலதில் எர்த் இணைப்பே கிடையாது, ட்ரிப் விழாமல் நின்றதும் மெஷின் திருந்திவிட்டது என்று சந்தோஷம். கசிவு எங்கும் போகவில்லை, மெஷினின் தகட்டில் காத்திருக்கிறது. ஈரக் கையோடு யார் தொடுகிறார்களோ அவர்தான் அதற்கு எர்த். மெஷினைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் எர்த் அறுந்திருக்கலாம், நிலத்தில் அடித்த எர்த் கம்பியிலிருந்து பொயின்ட் வரை எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருத்தி முடிந்ததும் மெயின் போர்ட்டில் அந்த டி பொத்தானை அமத்தி ட்ரிப் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் ட்ரிப் சுவிட்சையே மாற்ற வேண்டும், இன்வேர்ட்டர் மெஷின் (மோட்டர் வேகத்தை எலக்ட்ரோனிக் போர்ட் மாற்றுகிற வகை) என்றால் மாற்றும்போது, அந்த மாதிரி மெஷினின் கசிவையும் பிடிக்கிற ஏ டைப்பாகக் (Type A) கேட்டு வாங்குங்கள். முதல் சூட்டு வோஷை ஆள் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள், இரவில் போட்டுவிட்டுப் படுக்க வேண்டாம்.