சமுதாய வானொலியில் ஊர் வரலாறும் சமூக நீதியும் பேசும் நிகழ்ச்சியைத் தயாரிப்பது எப்படி?

அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதன் பிறகும் சாதாரண மக்களுடைய குரல் வானொலியில் ஒலிக்கச் சில ஆண்டுகள் ஆயின. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் சமுதாய வானொலியாக, அதாவது ஒரு வட்டார மக்களுக்கான சிறு நிலையமாக, தொடங்கியது; 2006ஆம் ஆண்டுக் கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்தது. 2008இல் ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில், இன்றைய தெலங்கானாவில், தலித் பெண்களே நடத்தும் சங்கம் வானொலி வந்தது. 2016இல் பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை ஒலிக்கத் தொடங்கியது. உரிமம் பெறுவது எப்படி என்பதை இந்தக் கட்டுரை சொல்லப் போவதில்லை. இத்தகைய நிலையம் ஒன்றில் வாரம் அரை மணி நேரம் கிடைத்திருக்கும் ஒருவர், ஊரின் வரலாற்றையும் ஊரில் நடக்கும் அநீதிகளையும் பொறுப்போடு பேசும் நிகழ்ச்சியை எப்படித் தயாரிக்கலாம் என்பதே இதன் பொருள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நூறு வாட் ஆற்றலுக்கும் முப்பது மீட்டர் கோபுரத்திற்கும் உட்பட்ட சமுதாய வானொலி, ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். அந்த எல்லைக்குள் பேசுகிறவரின் குரலைக் கேட்டதும் “இது இன்னாருடைய மருமகள்” என்று சொல்லிவிடுவார்கள். குற்றம் சாட்டுகிறவர், சாட்டப்படுகிறவர், இருவருடைய உறவினர்கள் எல்லோரும் ஒரே டீக்கடையில் நின்றுதான் நிகழ்ச்சியைக் கேட்பார்கள். மறுநாள் காலை ஒரே பேருந்தில்தான் ஏறுவார்கள். சென்னையிலிருந்து பேசும் தொலைக்காட்சி விவாதத்தின் துணிச்சலை இங்கே அப்படியே கொண்டுவந்தால், விலையைக் கொடுக்க வேண்டியவர் நிகழ்ச்சித் தொகுப்பாளர் அல்லர், பேட்டி கொடுத்தவர்தான். பின்வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

தலைப்பைத் தேர்ந்தெடுத்தல்

சமுதாய வானொலி சொந்தமாகத் தயாரித்த செய்தியையோ அரசியல் சார்ந்த நடப்பு நிகழ்வுகளையோ ஒலிபரப்பக் கூடாது என்பது உரிம நிபந்தனை. யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் செய்தி வாசித்து யூடியூபில் ஏற்றக்கூடிய காலத்தில் இந்தத் தடைக்கு என்ன நியாயம் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் நிபந்தனையை மீறினால் ஆபத்து நிலையம் முழுவதற்கும் என்பதால், தலைப்பை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளத் தெரிய வேண்டும். ஊராட்சித் தலைவர் பணத்தைச் சுருட்டிவிட்டார் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஊராட்சிக்கு வரும் நிதி எந்தக் கணக்கில் பதிவாகும், அதைக் கிராம சபையில் எழுந்து கேட்பது எப்படி என்ற பேச்சுக்குத் தாராளமாக இடம் உண்டு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் கிராம சபை கூடுகிறது. இவற்றுக்கு முந்தைய வாரங்களை ஆண்டின் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்துவைத்தால் ஆறு நிகழ்ச்சிகளுக்கான தலைப்பு தானாகக் கிடைத்துவிடும்.

தலைப்பு எவ்வளவு குறுகியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ‘தீண்டாமைக் கொடுமை’ என்று வைத்தால் விருந்தினர் மேடைப் பேச்சு பேசிவிட்டுப் போய்விடுவார். ‘காலனிச் சுடுகாட்டுக்குப் போகும் பாதை யாருடைய பட்டாவில் இருக்கிறது’ என்று வைத்தால், கிராம நிர்வாக அலுவலகத்தில் நில விவரங்கள் அடங்கிய ‘அ’ பதிவேட்டையும் நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் பார்க்காமல் நிகழ்ச்சியைத் தயாரிக்க முடியாது. இந்தக் கட்டாயம்தான் நமக்கு வேண்டியது.

வரலாறும் இன்றைய சிக்கலும் ஒரே நூலில் கோக்கப்படும் தலைப்புகள் இன்னும் சிறந்தவை. ஆங்கிலேயர் ஆட்சியில் தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் அத்தகைய ஒன்று. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையையும் 1892இல் வந்த அரசாணையையும் முதல் பத்து நிமிடங்களில் சொல்லிவிடலாம். அந்த நிலத்தைப் பிற சமூகத்தாருக்கு விற்கத் தடை இருந்ததை விளக்கிவிட்டு, நம் ஊரில் அப்படிப்பட்ட நிலம் இருந்ததா, இன்று அது யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை எந்த அலுவலகத்தில், எந்தப் பதிவேட்டில் பார்க்கலாம் என்று எஞ்சிய நேரத்தில் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஒரு குடும்பம் அபகரித்துவிட்டது என்று ஆவணம் இல்லாமல் சொல்லிவிடக் கூடாது. நேயரே போய்ப் பார்த்துக்கொள்ளும் வழியைக் காட்டினால் போதும்.

முதியோரிடம் பேட்டி எடுத்தல்

ஊர் வரலாறு பெரும்பாலும் ஏட்டில் இல்லை, எழுபது வயதைக் கடந்தவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களிடம் “அது எந்த வருஷம்?” என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் தவறாக வரும். காவிரிப் படுகையில் 1952, 1977 ஆகிய ஆண்டுகளின் புயல்களும், இராமேசுவரம் பக்கம் தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயலும், எல்லா ஊர்களிலும் எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பரும் முதியோருக்கு மைல்கற்கள். “புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?”, “அப்ப உங்க மூத்த பிள்ளை பொறந்தாச்சா?” என்று கேட்டால் காலம் ஓரளவு பிடிபட்டுவிடும். கேள்விகள் கண்ணால் பார்த்தவற்றைப் பற்றியே இருக்கட்டும். “அந்தக் காலத்தில் சாதிக் கொடுமை இருந்ததா?” என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். “நடவுக்கு நெல்லு யார் அளந்து போடுவாங்க? மரக்காலா, படியா? முந்தானையில வாங்குவீங்களா, கூடையிலயா? எந்த வாசல்ல நிப்பீங்க?” என்று கேட்டால், களத்துமேட்டில் யார் எங்கே நிற்கலாம், யாருக்குக் குவித்து அளந்தார்கள், யாருக்குத் தலைவெட்டி, அதாவது விளிம்போடு வழித்து, அளந்தார்கள் என்பது வரை அவரே சொல்லிக்கொண்டு போவார்.

விளிக்கும் முறையில் கூடுதல் கவனம் தேவை. வேளாண்மை அலுவலரை ‘ஐயா, வாங்க’ என்று அழைத்துவிட்டு, அதே நிகழ்ச்சியில் தலித் முதியவரை ‘சொல்லு பெரியவரே’ என்று ஒருமையில் அழைக்கும் தொகுப்பாளர், அவர் எவ்வளவு நல்ல எண்ணம் கொண்டவராயினும், நிகழ்ச்சியின் பொருளையே அழித்துவிடுகிறார். எல்லோருக்கும் ‘வாங்க, சொல்லுங்க’ என்பதே விதியாக இருக்க வேண்டும். ஆயா, தாத்தா, அம்மா என்று உறவு சொல்லி அழைப்பதில் தவறில்லை. ஆனால் வினைமுற்று மரியாதையாகவே முடிய வேண்டும். அவருடைய பேச்சுவழக்கைத் திருத்தவோ, தொகுப்பாளர் செந்தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லவோ வேண்டியதில்லை. அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளாத நேயர் அந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கப் போவதில்லை.

பதிவை அவருடைய வீட்டுத் திண்ணையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. நிலையத்திற்கு அழைத்து வந்து குளிரூட்டிய அறையில் உட்காரவைத்தால் பாதி நினைவு வாசலிலேயே நின்றுவிடும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் பிடித்தால் ‘ப’கர ஒலிகள் வெடிக்கா. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட வேண்டும். பேட்டியின்போது ‘ம்... ம்...’ என்று கொட்டிக்கொண்டே இருப்பது தமிழருக்கு இயல்பான பழக்கம் என்றாலும், எடிட்டிங்கின்போது அதுவே பெருந்தொல்லை, தலையசைத்தால் போதும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஓசையை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டால், பின்னர் வெட்டி ஒட்டும் இடங்களை மறைக்க உதவும். எடிட் செய்வதற்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதுமானது.

நினைவும் ஆவணமும் மோதும் இடங்கள் வரும். கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில், குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர் தரப்பில் சிலருக்குத் தண்டனை வழங்கியது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மக்களின் நினைவு ஒன்றைச் சொல்கிறது, தீர்ப்பு வேறொன்றைச் சொல்கிறது. நிகழ்ச்சியில் இரண்டையும் அப்படியே வைக்க வேண்டும். தொகுப்பாளர் இடையில் புகுந்து இரண்டையும் இணக்கப்படுத்தவோ, குரலை உயர்த்தித் தாமே தீர்ப்பளிக்கவோ முயன்றால், நேயருக்கு அந்த இடைவெளி தென்படாமல் போகும். முதியவர் ஒருவர் ‘நான் பார்த்தேன்’ என்று சொல்வதையும் ‘சொல்லிக் கேட்டிருக்கேன்’ என்று சொல்வதையும் எடிட்டிங்கில் கலந்துவிடவும் கூடாது. நேரம் போதவில்லை என்று ‘சொல்லிக் கேட்டிருக்கேன்’ என்ற சொற்களை வெட்டுவது, எனது பார்வையில், பொய்யைச் சேர்ப்பதற்கு ஒப்பானது.

பேசியவரைக் காப்பாற்றுதல்

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பது பெரிய பத்திரிகைகளுக்குப் பொருந்தலாம். இங்கே ‘மேலத்தெருவில் மாவு மில் வைத்திருப்பவரின் தம்பி’ என்றாலே கதை முடிந்தது. ஊர், தெரு, தொழில், குடும்பத்தில் எத்தனை பேர் என்ற விவரங்கள் எல்லாமே அடையாளங்கள்தாம். குரலோ எல்லாவற்றிலும் பெரிய அடையாளம். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் வாக்குமூலத்தை எழுதி வாங்கி, வேறு ஊரைச் சேர்ந்த ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்ய வேண்டும். குரலைக் கீச்சுக் குரலாக மாற்றும் தந்திரம் நேயருக்குச் சிரிப்பையே வரவழைக்கும். சாதி மறுத்து மணந்தவர்களின் இருப்பிடத்தைப் பற்றி ஒரு சொல்கூட வெளியே வரக் கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படியும், குழந்தையாக இருந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவின்படியும் குற்றம்.

ஒப்புதலைப் பதிவின் தொடக்கத்திலேயே அவருடைய குரலில் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘ரேடியோவில் வரும்’ என்று சொல்வது மட்டும் போதாது. யார் யார் கேட்பார்கள், இன்ன பண்ணைக்காரர் வீட்டிலும் இது கேட்கும் என்பதைச் சொல்ல வேண்டும். எடிட் செய்த பின் ஒருமுறை போட்டுக் காட்டி, “இதை எடுத்துடுங்க” என்று அவர் சொல்லும் பகுதியை வாதாடாமல் எடுத்துவிட வேண்டும், அதுவே நிகழ்ச்சியின் சிறந்த பகுதியாக இருந்தாலும்கூட.

மறுதரப்பை அழைப்பது வெறும் சம்பிரதாயமன்று. அதிகாரிக்கு எழுத்தில் அழைப்பு அனுப்பி, நகலில் தேதி முத்திரை வாங்க வேண்டும். அவர் வராவிட்டால் “இன்ன தேதியில் அழைத்தோம், பதில் வரவில்லை” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஏளனக் குறிப்பு எதையும் சேர்க்க வேண்டாம். விவரம் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடலாம். பொதுத் தகவல் அலுவலர் முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஒலிபரப்பு

அரை மணி நேரத்தில் ‘வணக்கம் நேயர்களே’ என்று மூன்று நிமிடங்களைச் செலவழிப்பது வீண். யாருக்காக நிகழ்ச்சி தயாரிக்கிறோமோ அவருடைய மிகக் கூர்மையான ஒரு வாக்கியத்தோடு தொடங்கி, அதன் பிறகு நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லலாம். இடையில் சேர்க்கத் திரைப்பாடலைத் தேட வேண்டாம். அதற்கு உரிமத் தொகை கட்ட வேண்டியிருக்கும். ஊரில் பதிவு செய்த நடவுப் பாட்டோ தெம்மாங்கோ போட்டு, பாடியவரின் பெயரைச் சொல்வதே இந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தும்.

நேரலையில் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதில் கவர்ச்சி உண்டு, ஆபத்தும் உண்டு. அழைப்பைச் சில நொடிகள் தாமதித்து ஒலிபரப்பும் கருவி சிறு நிலையங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே சாதி தொடர்பான தலைப்புகளுக்கு வாட்ஸ்ஆப் குரல்பதிவுகளை முன்கூட்டியே வாங்கிக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. நேரலையிலேயே யாராவது இழிசொல் பேசிவிட்டால், ஒலியளவைக் கீழே இறக்கிவிட்டு, “ஒரு சமூகத்தை இழிவாகச் சொல்லும் சொல்லுக்கு இங்கே இடமில்லை, அடுத்த நேயரிடம் போகிறோம்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு நகர வேண்டும். விவாதத்தில் இறங்கினால் அவருக்கு மேடை அமைத்துக் கொடுத்தவர்களாகிவிடுவோம்.

முடிவில், தீர்வுக்குப் போகும் வழியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகும் வழக்கைக் காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்திருந்தால், காவல் நிலையத்தில் அவர் பேசும் தொனியே மாறும். வன்கொடுமை உதவி எண் 14566, இலவசச் சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இவற்றை மெதுவாக, இரண்டு முறை, இலக்கம் இலக்கமாக வாசிக்க வேண்டும்.

ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதங்களுக்குப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது உரிம விதி. ஆனால் முதியோர் பேட்டிகளின் முழுப் பதிவை அதன் பிறகும் அழிக்காமல், தேதியும் ஊரும் பொருளும் கோப்பின் பெயரிலேயே வரும்படி எழுதி, இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் வைத்திருக்க வேண்டும். பேசியவரின் வீட்டிற்கும் ஒரு மெமரி கார்டில் பிரதி கொடுத்துவிடுவது முறை. சிக்கலைப் பற்றிய நிகழ்ச்சியாக இருந்தால், மனுவுக்குப் பதில் வர வேண்டிய நாளை அன்றே குறிப்பேட்டில் எழுதிவைத்து, பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வார நிகழ்ச்சியில் ஐந்து நிமிடங்களை அதற்கென ஒதுக்க வேண்டும்.