கையால் தாய்ப்பால் பீய்ச்சுவது எப்படி: மூன்று நாள் தப்பாகச் செய்தவள் எழுதுவது

மகள் 35 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். மார்பில் போட்டால் வாயைத் திறப்பாள், நாலு தரம் சப்புவாள், அப்படியே தூங்கிப்போவாள். முழு மாதம் இருந்து பிறந்த குழந்தைகளுக்கு இருக்கும் தெம்பு அவளுக்கு இல்லை. "பாலைப் பீய்ச்சிப் பாலாடையில குடும்மா" என்றார் வார்டு சிஸ்டர். பாலாடை என்பது குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். சரி என்று தலையாட்டிவிட்டேன். எப்படிப் பீய்ச்சுவது என்று கேட்கக் கூச்சம். மூன்று நாளில் காம்பு சிவந்து புண்ணானதுதான் மிச்சம். கிண்ணத்தின் அடிகூட நனையவில்லை. "உனக்குப் பால் இல்லை போல" என்று பார்க்க வந்தவர்கள் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

பால் இருந்தது. நான் கை வைத்த இடம்தான் தப்பு. போன மாதம் தங்கைக்கு வீடியோ காலில் இதையே ஒரு மணி நேரம் விளக்கினேன். அந்தச் சூட்டோடு எழுதிவைக்கிறேன். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கும் இது உதவும்.

என்னென்ன வேண்டும்

வாயகன்ற எவர்சில்வர் கிண்ணம் ஒன்று. நான் வைத்திருந்தது காபி டபரா. ஒரு பாலாடை, சுத்தமான இரண்டு துணி. பாத்திரத்தைக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுப்பது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

பம்ப் வாங்கலாமா என்று கேட்பீர்கள். முதல் சில நாளுக்கு வேண்டாம் என்பேன். சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பிசுபிசுவென்று இருக்கும். பம்பில் போட்டால் பாதி அதன் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆபீஸுக்குப் போகும்போது மின்சார பம்ப் நல்ல துணைதான். மருந்துக் கடையில் தொங்கும், ரப்பர் உருண்டையை அமுக்கி இழுக்கும் பம்பை மட்டும் தொடாதீர்கள். உருண்டைக்குள் பால் போய்விட்டால் அதைச் சுத்தம் செய்யவே முடியாது.

உட்காரும் முன்

முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, லேசாக முன்னால் சாய்ந்து உட்காருங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மார்பில் ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு உள்ளங்கையால் மேலிருந்து காம்பை நோக்கி மெதுவாக நீவுங்கள். பால் இறங்குவதற்கு உடம்பில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும். பயமும் பதற்றமும் அதைத் தடுத்துவிடும். எனக்குக் குழந்தையின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டால் சட்டென்று இறங்கும். வாசலில் யாராவது நின்று "வருதா, வருதா" என்று கேட்டால் வராது. அவர்களை வெளியே அனுப்புவதும் செய்முறையில் ஒரு படிதான்.

நான் தடுக்கி விழுந்த இடம்

நான்காம் நாள் இரவுப் பணிக்கு வந்த வயதான சிஸ்டர் ஒருவர் என் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏம்மா, மாட்டுல கறக்கிற மாதிரி காம்பைப் புடிச்சு இழுக்கிறியே! பால் அங்கயா இருக்கு?" என்று என் விரலைப் பிடித்துப் பின்னால் நகர்த்தி வைத்தார். ஒன்றரை அங்குலம்கூட இருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்டைவிரலைக் காம்புக்கு மேலே, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பை ஒட்டி வையுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கீழே, அதற்கு நேர் எதிரே. காம்பிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி விரல் இருக்க வேண்டும். சிலருக்குக் கருவட்டம் பெரிது, சிலருக்குச் சிறிது. அதனால் வட்டத்தை மட்டும் நம்பாமல் இந்தத் தூரத்தைக் கணக்கு வையுங்கள். சரியான இடத்தில் விரலுக்கடியில் சின்னச் சின்ன முடிச்சுகள் போல் நெருடும்.

இப்போது விரல்களை விலா எலும்புகளை நோக்கி நேர்பின்னால் அழுத்துங்கள். பிறகு கட்டைவிரலும் கீழ் விரல்களும் ஒன்றையொன்று நோக்கி வருகிற மாதிரி அமுக்குங்கள். விடுங்கள். பின்னால் அழுத்து, அமுக்கு, விடு. விரல் தோல்மேல் வழுக்கக் கூடாது, எண்ணெய் தடவாதீர்கள். தோல் எரிந்தால் விரல் வழுக்குகிறது என்று அர்த்தம். வலித்தால் இடம் தப்பு.

முதல் ஒன்றிரண்டு நிமிடம் எதுவும் வராது. இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். தாளம் தவறாமல் செய்துகொண்டே இருங்கள். முதலில் ஒரு மஞ்சள் துளி காம்பில் வந்து நிற்கும், பிறகு சொட்டும், சில நாள் கழித்துப் பாய்ச்சலாகப் பீறிடும். எனக்கு முதலில் வந்தது டபராவின் அடியில் ஒரு ரூபாய்க் காசளவு. அதைப் பார்த்து அழுதுவிட்டேன். "இது போதும் இந்தப் பொழுதுக்கு" என்றார் சிஸ்டர். அவர் சொன்னது சரிதான். முதல் இரண்டு நாளில் பால் ஸ்பூன் கணக்கில்தான் வரும்.

வேகம் குறைந்ததும், நான்கைந்து நிமிடத்தில், அடுத்த மார்புக்கு மாறுங்கள். விரல்களைக் கடிகார முள் போல நகர்த்தி எல்லாப் பக்கமும் அமுக்குங்கள். ஒரே இடத்தில் அமுக்கினால் மற்ற பக்கம் கட்டிக்கொள்ளும். மாறி மாறி மொத்தம் 20, 30 நிமிடம் ஆகும். குழந்தை நேரடியாகக் குடிக்காதபோது ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பீய்ச்ச வேண்டும். அதில் ஒரு முறை நள்ளிரவுக்குப் பிறகு. பாலைச் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். தூக்கம் போகும்தான், வேறு வழியில்லை.

பாலாடையில் புகட்டுவது

குழந்தையை முழுக்க விழிக்க வைத்து, துணியில் சுற்றி, மடியில் சற்று நிமிர்த்திப் பிடியுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுக்கவே கூடாது. பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். அவளே நாக்கை நீட்டி உறிஞ்சுவாள். விழுங்கி முடிக்கும்வரை காத்திருங்கள். என் அத்தைக்கு அவசரம், "ஊத்திவிடு" என்பார். ஊற்றினால் புரையேறும். தாடைக்கடியில் ஒரு துணியை மடித்து வையுங்கள், எப்படியும் கொஞ்சம் சிந்தும்.

வீட்டுக்கு வந்ததும் சேனை வைக்க வேண்டும், சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டாக்டர் எழுதித் தரும் சொட்டு மருந்துகள் வேறு கணக்கு. டாக்டர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தேன். நீங்களும் அப்படியே செய்யலாம்.

எடுத்துவைப்பது

25 டிகிரி வரை உள்ள அறையில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்பார்கள். சித்திரை வெயிலில் நம் வீட்டில் எங்கே 25 டிகிரி? நேராக ஃப்ரிட்ஜில் வையுங்கள். கதவில் வேண்டாம், உள்ளே பின்பக்கம். நான்கு நாள் தாங்கும் என்றாலும், கரண்ட் போய் வரும் ஊர் என்பதால் நான் ஒரு நாளில் தீர்த்துவிடுவேன். 50, 60 மில்லியாகப் பிரித்து வைத்தால் வீணாகாது. குறைமாதக் குழந்தைக்கு எவ்வளவு நேரம் வைத்துக் கொடுக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூடாக்க, வெந்நீர் உள்ள பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்தால் போதும். அடுப்பில் நேராக வைக்காதீர்கள், மைக்ரோவேவும் கூடாது. அதில் ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் சில்லிட்டிருக்கும். குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

"மேலே ஆடை மாதிரி ஒதுங்கி நிற்குது, கெட்டுப்போச்சா?" இல்லை. கொழுப்பு பிரிந்து மேலே வருவது இயல்பு. கிண்ணத்தை மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

"ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் சோப்பு வாடை அடிக்குது" என்று இருவர் எழுதியிருந்தார்கள். பாலிலேயே உள்ள லிப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது. பால் கெடவில்லை, ஆனால் சில குழந்தைகள் துப்பிவிடும். அப்படியானால் பீய்ச்சிய உடனே, விளிம்பில் சின்னக் குமிழி வரும்வரை சூடாக்கி, கொதிக்கும் முன் இறக்கி, ஆறவைத்துப் பிறகு ஃப்ரீஸரில் வையுங்கள். உறைந்து எடுத்த பிறகு சூடாக்கினால் அந்த வாடை போகாது.

"மார்பு கல்லு மாதிரி இருக்கு, விரலே அமுங்கலை." பால் கட்டியிருக்கிறது. முதலில் கருவட்டத்தை மட்டும் விரல் நுனியால் ஒரு நிமிடம் உள்பக்கமாக மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் இளகியதும் பீய்ச்சுங்கள். முடித்ததும் குளிர்ந்த துணி சுகமாக இருக்கும். காய்ச்சல் வந்தாலோ, ஒரு பக்கம் சிவந்து சுட்டாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். பாலை நிறுத்த வேண்டியதில்லை.

வேலைக்குப் போகும் ஒருவர், ஆபீஸில் எங்கே உட்காருவது என்று கேட்டிருந்தார். மகப்பேறு பலன் சட்டத்தில் 2017-இல் வந்த விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம். உங்கள் ஆபீஸில் அது இல்லையென்றால் மனிதவளத் துறைக்கு எழுத்தில் கேளுங்கள். பூட்டு உள்ள ஓர் அறையாவது கிடைக்கும். கழிவறையில் உட்கார்ந்து மட்டும் பீய்ச்சாதீர்கள்.