ஒரே நாளில் காரில் ஊர் போய்ச் சேர: அலுப்பில்லாத பயணத்துக்கான திட்டம்

நாள் முழுக்கக் காரில் போய் இறங்கும்போது இடுப்பு கழன்று, தலை கனத்து, ஆளுக்கு ஆள் எரிந்து விழுகிற நிலை வந்தால், வண்டியையோ சாலையையோ குறை சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் நேரக் கணக்கு இறுக்கமாகப் போடப்பட்டிருக்கும். கணக்கு இறுக்கமானால் நடுவில் நிறுத்த மனம் வராது. நிறுத்தாமல் ஓட்டினால் அலுப்பு ஏறும், அலுப்பு ஏறினால் கவனம் போகும். அதனால் வண்டியைத் தொடுவதற்கு முன் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு

போனில் இருக்கும் வரைபடம் 420 கிலோமீட்டருக்கு 6 மணி 30 நிமிடம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சக்கரம் உருளும் நேரம் மட்டும்தான். இதனோடு இரண்டு சிறு நிறுத்தங்களுக்குத் தலா 15 நிமிடம், மதியச் சாப்பாட்டுக்கு 45 நிமிடம், எரிபொருள் நிரப்ப 15 நிமிடம், புறப்படும் ஊரை விட்டு வெளியேறவும் சேரும் ஊருக்குள் நுழையவும் சேர்த்து 30 நிமிடம் கூட்டுங்கள். 8 மணி 30 நிமிடம் ஆகிறது. சாலை வேலை, ரயில்வே கேட், தவறிய திருப்பம் இவற்றுக்கு ஓட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 40 நிமிடம். மொத்தம் 9 மணி 10 நிமிடம்.

இப்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். பழக்கமில்லாத ஊருக்குள் இருட்டில் நுழைவது நாளின் மிகக் களைப்பான நேரத்தில் மிகக் கடினமான வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்வது. ஆகவே பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே போய்ச் சேருவது நல்லது. மாலை 4 மணிக்குச் சேர வேண்டுமானால் காலை 6.50க்கு வண்டி நகர்ந்தாக வேண்டும். நகர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பெட்டி தூக்க ஆரம்பிக்கும் நேரம் அது அல்ல. மூட்டை முடிச்சு எல்லாம் முந்தின இரவே டிக்கிக்குள் போய்விட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

ஒருவரே ஓட்டுவதானால் ஸ்டீயரிங் பிடிப்பது மொத்தம் 7 மணி நேரத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். மாற்றி ஓட்ட ஆள் இருந்தால் 9 வரை போகலாம். போய்விட்டு அன்றே திரும்புவதானால் ஒரு வழிக்கு 3 மணி நேரமே தாராளம். அதற்கு மேல் இருந்தால் அங்கே தங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள்.

வேகத்தைக் கூட்டி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். 300 கிலோமீட்டரை 90 வேகத்தில் கடக்க 3 மணி 20 நிமிடம் ஆகும். 100 வேகத்தில் 3 மணி. இடைவிடாமல் அதே வேகத்தில் போனால்தான் அந்த 20 நிமிடமும் கிடைக்கும், அப்படிப் போக எந்தச் சாலையும் விடுவதில்லை. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: 90இலிருந்து 110க்குப் போனால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எரிபொருள் செலவு கூடும், காற்றிரைச்சல் கூடும், உள்ளே பேச்சுக்கூடக் கேட்காது. காலையில் அரை மணி முன்னால் கிளம்புவதே இதைவிடப் பெரிய லாபம்.

பாதை

வரைபடத்தில் இன்று நள்ளிரவு பார்த்த நேரம் நாளைக் காலைக்குப் பொருந்தாது. புறப்படும் நேரத்தைக் குறித்துக் கேட்கும் வசதி இருக்கிறது. அதே கிழமை, அதே மணியைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பாதைகளுக்கும் வித்தியாசம் 20 நிமிடத்துக்குள் என்றால், அகலமான, நிறுத்த இடம் அதிகமுள்ள பாதையை எடுங்கள். குறுக்கு வழி என்று வரைபடம் இழுக்கும் சின்னச் சாலையில் ஒரே ஒரு லாரி முன்னால் மாட்டினால் மிச்சமான நேரம் போய்விடும், முந்தப் பார்க்கும் பதற்றம் வேறு. பாதையை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில்தான் திருப்பம் வரும்.

வெயில் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் ஓட்டினால் சூரியன் நேராகக் கண்ணில் குத்தும். அந்த நேரத்தில் முன்கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருக்கும் மெல்லிய புகைபோன்ற படலம் மொத்தமும் வெள்ளையாகப் பளிச்சிட்டு சாலையை மறைத்துவிடும். வெளிப்பக்கத்தைத் துடைப்பவர்கள் பலர் உள்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். வடக்கு நோக்கிப் போனால் காலை வெயில் வலப்பக்கம், மாலை வெயில் இடப்பக்கம். குழந்தையையும் வயதானவரையும் எந்த ஜன்னலோரம் உட்கார வைப்பது என்று இதை வைத்து முடிவு செய்யலாம்.

வண்டி

பட்டறைக்குப் போக வேண்டியிருந்தால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள். கழற்றி மாட்டிய இடத்தில் கசிவோ சத்தமோ இருந்தால் ஊருக்குள் ஓட்டும்போதே தெரிந்துவிடும். முந்தின நாள் பட்டறையில் விட்டு மறுநாள் நெடுஞ்சாலையில் அதைக் கண்டுபிடிப்பது வீண் தொல்லை.

மற்ற எதற்கும் நேரமில்லாவிட்டாலும் டயருக்கு நேரம் ஒதுக்குங்கள். காற்றை, வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சில வண்டிகளில் எரிபொருள் மூடியின் உள்பக்கம். டயரின் பக்கச் சுவரில் அச்சாகியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதை அடிக்கக் கூடாது. ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் இருந்தால் ஒன்று ஓரிருவர் போவதற்கு, மற்றொன்று ஆளும் சுமையும் நிறைந்த வண்டிக்கு. குடும்பத்தோடு போகும்போது இரண்டாவதுதான் உங்களுக்கு. ஓடிச் சூடானதும் காற்றழுத்தம் 4, 5 பி.எஸ்.ஐ. ஏறிக் காட்டும். அது இயல்பு, காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். காற்றுக் குறைந்த டயர்தான் ஆபத்தானது: பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறி, கடைசியில் அதிவேகத்தில் வெடிக்கிறது.

பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன், அதாவது தரையில் பதியும் வரிவரியான ரப்பர், நன்றாக இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரைக் கடைக்காரரிடம் காட்டி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பட்டன்களுக்கு நடுவே குறுக்காக ஓடும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது.

ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். அது ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஜாக்கி, ஸ்பேனர், ஜாக்கி முட்டுக்கொடுக்கும் இடம் மூன்றும் எங்கே என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கூடவே சுற்றும். மாட்டும்போது எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி முடுக்கிப் பாருங்கள்.

கூலன்ட், எஞ்சின் ஆயில், வைப்பர் தண்ணீர், எல்லா விளக்குகள். இவற்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

சுமையும் இருக்கையும்

கனமான பெட்டி டிக்கியின் அடியில், பின் சீட்டின் முதுகை ஒட்டி. லேசானது மேலே. சீட்டின் உயரத்தைத் தாண்டி எதுவும் எழும்பக் கூடாது; திடீர் பிரேக்கில் அது தலைக்குத்தான் வரும். பின்கண்ணாடித் தட்டில் குடை, தண்ணீர் பாட்டில், பொம்மை எதையும் வைக்காதீர்கள். குறிப்பாக ஓட்டுநரின் காலடியில் உருளும் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால் பிரேக் மிதிபடாது. வழியில் தேவைப்படுவது எல்லாம் ஒரே பையில், கைக்கு எட்டும் இடத்தில்: தண்ணீர், துண்டு, மாற்றுச் சட்டை ஒன்று, மருந்து, சார்ஜர், டார்ச், குப்பைப் பை.

இடுப்பு வலியில் பாதி உட்காரும் விதத்தால் வருகிறது. க்ளட்ச்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. முன் சீட்டில் இருப்பவர் டேஷ்போர்டில் கால் நீட்டுவது சுகமாகத் தெரியலாம். ஏர்பேக் விரிந்தால் முழங்கால் முகத்துக்கு வரும், தொடை எலும்பு முறியும். பேன்ட்டின் பின்பையில் இருக்கும் பர்ஸை எடுத்துவிடுங்கள். நாலு மணி நேரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார அது ஒன்றே போதும்.

நிறுத்தங்கள்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 15 நிமிடம், அலுப்புத் தெரிகிறதோ இல்லையோ. அலுப்பு தெரிந்த பிறகு நிறுத்தினால் அது முழுதாகத் தீராது. எந்த இடம் என்பதை முந்தின நாளே வரைபடத்தில் குறித்து வையுங்கள்: கழிப்பறை, நிழல், வண்டியைச் சாலையை விட்டு முழுக்க உள்ளே இறக்கி நிறுத்த வசதி. இறங்கி நடப்பது கட்டாயம். நான்கு மணி நேரத்துக்கு மேல் மடக்கிய காலோடு உட்கார்ந்தால் கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் வாய்ப்புக் கூடுகிறது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களில் பலர் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. நிறுத்தம் எப்போது வரும் என்று முன்பே சொல்லிவிட்டால் நிம்மதியாகக் குடிப்பார்கள்.

கைக்குழந்தையைக் கார் சீட்டில் ஒரேயடியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்; எடுத்து மடியில் நீட்டிப் படுக்க வைப்பது வண்டி நின்றிருக்கும்போது மட்டுமே. ஐந்து நிமிடம்தானே என்று பூட்டிய வண்டிக்குள் குழந்தையை ஒருபோதும் விட்டுப் போகக் கூடாது. ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கி வைத்தாலும் உள்சூடு அடங்காது.

மதியம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் உடம்பு தானாகவே தூக்கத்தைத் தேடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே ஸ்டீயரிங் பிடித்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஓட்டுபவர் மதியம் அரை வயிற்றோடு எழுந்திருக்கட்டும். கண் சொருகினால், கடந்து வந்த மைல்கல் நினைவில் இல்லாவிட்டால், வண்டி கோட்டை விட்டு நகர்ந்தால், பாட்டைச் சத்தமாக வைப்பதும் முகத்தில் தண்ணீர் அடிப்பதும் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். பலன் தருவது இது: நிறுத்துங்கள், ஒரு காபி குடியுங்கள், உடனே 15 முதல் 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும் என்பதால் விழிக்கும் நேரத்தில் அதுவும் துணைக்கு வரும். அதற்கு மேல் தூங்கினால் மந்தம் பிடித்துக்கொள்ளும். உள்காற்றையே சுற்றவிடும் ஏசி பொத்தானையும் பாருங்கள். நான்கைந்து பேர் விடும் மூச்சில் கரியமில வாயு சேர்ந்து தூக்கம் வரும். அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

குமட்டலுக்குக் காரணம், காது உணரும் அசைவைக் கண் பார்க்காமல் இருப்பது. போனையும் புத்தகத்தையும் கீழே வைத்துவிட்டுத் தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் முன் சீட்டுக்கு மாற்றுங்கள். மாத்திரை என்றால் குமட்டல் தொடங்குவதற்கு முன், கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் இருக்கும்போதே போட வேண்டும். இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை தூக்கம் வரவழைப்பவை, ஓட்டுபவர் தொடவே கூடாது. கட்டிக்கொண்டு போகும் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், கடும் வெயிலென்றால் ஒரு மணி நேரத்துக்குள்.

சாலையில்

90 வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் போகிறது. முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் இரண்டு விநாடி எண்ணுங்கள். அதற்குள் நீங்கள் கம்பத்துக்கு வந்துவிட்டால் மிக நெருங்கிப் போகிறீர்கள். மழையில் நான்கு விநாடி. தேங்கிய தண்ணீரில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டால் டயர் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கிறது என்று பொருள்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை அழுத்தாதீர்கள். மலையில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும்.

வெப்ப முள் மேலே ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, பத்திரமான இடம் வந்ததும் நிறுத்துங்கள். குறைந்தது அரை மணி நேரம் ஆறாமல் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

இனி, பலர் திட்டத்தில் சேர்க்காத ஒன்று. மொத்தத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடியும் இடத்துக்கு அருகே, தங்கும் வசதியுள்ள ஓர் ஊரைக் குறித்து வையுங்கள். முதலில் போட்ட 420 கிலோமீட்டர் கணக்கில் அது 280 கிலோமீட்டரில் வரும். அங்கே எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்பதையும், ஒரு விடுதியின் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். குறித்த நேரத்தை விட இரண்டு மணி நேரம் தாமதமாகிவிட்டால், அல்லது மழை கொட்டினால், அல்லது ஓட்டுபவர் இன்னும் போகலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், அங்கேயே தங்கிவிடுங்கள். சேரும் ஊரில் காத்திருப்பவர்களிடம் கிளம்பும்போதே இந்த ஊரின் பெயரைச் சொல்லி வைத்தால், வழியில் யாரும் போன் செய்து எங்கே வருகிறீர்கள் என்று அவசரப்படுத்த மாட்டார்கள்.