நல்ல சிப்பைக் கெட்டது என்று ஒதுக்காதீர்கள்: நையோபியம் சிப்பை 4 கெல்வினில் சோதிக்கும் முறை

குவாண்டம் அனீலிங் (மிகக் குறைந்த ஆற்றல் நிலையைத் தேடி விடை காணும் குவாண்டம் கணினி முறை) சிப்பைச் சோதிப்பது என்றதும் 15 மில்லிகெல்வினுக்குப் போகும் டைல்யூஷன் ஃப்ரிட்ஜ்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். சோதனை அங்கே தொடங்குவதில்லை. அந்த ஃப்ரிட்ஜ் ஒருமுறை குளிரவே நாள் கணக்கில் ஆகும். அதனால் முதலில் சிப்பைத் திரவ ஹீலியத்தில், அதாவது 4.2 கெல்வினில், முக்கிப் பார்த்துவிட வேண்டும். நையோபியம் 9.2 கெல்வினிலேயே மின்தடையை இழந்து மீகடத்தியாகிவிடுவதால் இந்தக் குளிர் போதும். (அலுமினிய ஜோசப்சன் சந்திகள், அதாவது இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே மெல்லிய ஆக்சைடு உள்ள இணைப்புகள், கொண்ட சிப்புக்கு இந்த வழி உதவாது. அலுமினியம் மீகடத்தியாக 1.2 கெல்வின் வேண்டும்.)

இந்த வேலைக்கு வந்த புதிதில் இரண்டு நல்ல சிப்புகளைப் பழுது என்று எழுதி ஒதுக்கிவிட்டேன். மறுபடி குளிர்வித்தபோது இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. உள்ளே காந்தப்பாயம், அதாவது ஃப்ளக்ஸ், சிக்கியிருந்திருக்கிறது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? இந்த வகைச் சிப்பில் ஒவ்வொரு கியூபிட்டும், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகும், ஒரு மீகடத்தி வளையம். மின்னோட்டம் வலமாகச் சுற்றினால் ஒரு விடை, இடமாகச் சுற்றினால் இன்னொன்று. நாம் கொடுக்கும் கணக்கே அந்த வளையங்களுக்குள் செலுத்தும் மிகச் சிறிய ஃப்ளக்ஸ் அளவுகள்தான். பக்கத்தில் எங்கோ ஃப்ளக்ஸ் சிக்கியிருந்தால், நமக்குத் தெரியாமல் யாரோ கணக்கையே மாற்றி எழுதியது போல. 10 மைக்ரான் பக்கமுள்ள ஒரு சதுர வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40 மைக்ரோடெஸ்லா உள்ள பூமியின் காந்தப்புலத்தில் அதை வைத்தாலே ஏறக்குறைய இரண்டு ஃப்ளக்ஸ் குவாண்டம் (மீகடத்தி வளையத்தில் ஃப்ளக்ஸின் மிகச் சிறிய அலகு) உள்ளே நுழைந்துவிடும். கனடாவின் டி-வேவ் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அட்வான்டேஜ் சிப்பில் 5,000-க்கு மேல் கியூபிட்டுகள், பத்து லட்சத்துக்கு மேல் ஜோசப்சன் சந்திகள். அந்த அளவில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள்.

படி 1: அறை வெப்பத்தில் மின்தடை

முக்குவதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். சோதனைச் சந்திகளின் மின்தடையை நான்கு கம்பி முறையில் (மின்னோட்டத்துக்கு இரண்டு கம்பி, வோல்டேஜுக்கு இரண்டு) அளந்துகொள்ளுங்கள். நையோபியம் சந்திகளில் உச்ச மின்னோட்டத்தையும் (வோல்டேஜ் இல்லாமல் சந்தி தாங்கும் அதிகபட்சம்) மின்தடையையும் பெருக்கினால் ஏறக்குறைய 1.8 மில்லிவோல்ட் வரும். ஆகவே 10 மைக்ரோஆம்பியர் தாங்க வேண்டிய சந்தி 180 ஓம் அருகில் காட்ட வேண்டும். சில ஓம் மட்டும் வந்தால் ஷார்ட். மெகாஓம் வந்தால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது.

கை மல்டிமீட்டரைச் சந்தியில் வைக்கவே வேண்டாம். நடுவில் இருக்கும் ஆக்சைடு ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமன்தான். அதைத் துளைக்க மீட்டர் தரும் வோல்டேஜ் போதும். எர்த் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு, மின்னோட்டத்தை மைக்ரோஆம்பியரில் வைத்துக்கொள்ளும் மூலத்தைத்தான் நான் பயன்படுத்துவேன்.

படி 2: பொருத்துதல்

சிப்புக்கு அருகில் இரும்புச் சாயல் எதுவும் இருக்கக்கூடாது. திருகுகள் பித்தளை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தில் ஒட்டாது என்று நம்பிவிடாதீர்கள். கடைசலில் போட்டு வெட்டிய துண்டு லேசாக ஒட்டும். காந்த முனை ஸ்குரூடிரைவரை இந்த மேசைக்கே கொண்டுவர வேண்டாம்.

சுற்றிலும் மியூ-மெட்டல் உறை, அதாவது வெளிக் காந்தப்புலத்தை உள்ளே விடாத உலோகக் கலவை. சாதாரண வகை குளிரில் வலுவிழக்கும் என்பதால், குளிருக்கென்றே செய்த வகையை வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனாலும் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒருமுறை கீழே விழுந்து நசுங்கினால் உறை பழைய மாதிரி மறைக்காது.

ஈயக் குழாய் போட்டால் போதாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். போதாது. ஈயம் மீகடத்தியாவது 7.2 கெல்வினில். நையோபியம் அதற்கு முன்பே, 9.2-இல், ஃப்ளக்ஸைப் பிடித்து வைத்திருக்கும். அதன்பின் ஈயம் உள்ளே இருக்கும் புலத்தை அசையாமல் காக்கும், அவ்வளவுதான்.

படி 3: இறக்குதல்

நான் தவறியது இங்கேதான். சீக்கிரம் முடிக்கலாம் என்று, சிப் பொருத்திய நீண்ட கம்பியை ஒரே மூச்சில் ஹீலியத்துக்குள் இறக்கினேன். சிப்பின் ஒரு மூலை முந்திக் குளிர்ந்தது, மறு மூலை பிந்தியது. அந்த வெப்ப வேறுபாடே வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் சிறு மின்னோட்டத்தை ஓடவிட்டு, காந்தப்புலத்தை உண்டாக்கும். உறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உறைக்குள்ளேயே பிறக்கும் புலத்தை அது எப்படித் தடுக்கும்?

சரி, எப்படி இறக்குவது? சிப்பை ஒட்டி ஒரு வெப்பமானி இருக்கட்டும். 20 கெல்வின் வரை, ஹீலியம் வீணாகக் கொதித்துப் போகாத வேகத்தில் இறக்கலாம். பிறகு திரவத்துக்கு மேலே உள்ள குளிர் வாயுவில் நிறுத்துங்கள். 10 கெல்வினிலிருந்து 8.5 கெல்வின் வரை ஒரு சென்டிமீட்டர் இறக்கி, எண் நிலைக்கும் வரை காத்திருந்து, அப்புறம் அடுத்த சென்டிமீட்டர். எனக்கு இதற்கு இருபது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் சிப்புக்குப் போகும் மின்னோட்டங்கள், வளையத்துக்கு ஃப்ளக்ஸ் கொடுக்கும் காயில் உட்பட, எல்லாம் அணைந்திருக்க வேண்டும். 8.5 தாண்டியதும் தாராளமாக முக்கலாம்.

அறையில் ஆக்சிஜன் அளவுமானி ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒரு லிட்டர் திரவம் எழுநூறு லிட்டருக்கு மேல் வாயுவாகி மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும்.

படி 4: கோடு சரியா?

ஆசிலோஸ்கோப்பில் முக்கோண அலையாக மின்னோட்டத்தை ஏற்றி இறக்குங்கள். நல்ல சந்தி என்றால் உச்ச மின்னோட்டம் வரை வோல்டேஜ் சுழியமாக நிற்கும். பிறகு சட்டென்று 2.7 மில்லிவோல்ட் அருகில் தாவும். இறங்கும்போது வேறு வழியாகத் திரும்பும்.

அடுத்து ஸ்குவிட் வளையம், அதாவது இரண்டு சந்திகள் உள்ள மீகடத்தி வளையம். காயிலில் மின்னோட்டத்தை மாற்றிக்கொண்டே உச்ச மின்னோட்டத்தைக் குறித்து வாருங்கள். அலை அலையாக ஏறி இறங்கும். ஒவ்வோர் அலையும் ஒரு ஃப்ளக்ஸ் குவாண்டம், அதாவது 2.07 × 10⁻¹⁵ வெபர். சமச்சீரான வளையத்தில் ஓர் உச்சி காயில் மின்னோட்டம் சுழியமாக இருக்கும் இடத்தில் வர வேண்டும். விலகியிருந்தால் அவசரப்பட்டுச் சிப்பைக் குறை சொல்லாதீர்கள்.

படி 5: மூன்று முறை

கம்பியைத் தூக்கி 12 கெல்வினுக்குக் கொண்டுபோய், மறுபடி படி 3-இன்படி மெல்ல இறக்கி அளந்து பாருங்கள். இப்படி மூன்று தடவை. விலகல் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக இருந்தால் அது சிக்கிய ஃப்ளக்ஸ். சிப் மேல் பழி இல்லை. மூன்று தடவையும் அதே அளவு என்றால் உறைக்குள் நிலையான புலம் இருக்கிறது, அல்லது வளையமே சமச்சீராக அமையவில்லை. சிப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்திப் பாருங்கள். விலகலின் திசையும் மாறினால் உறையைச் சந்தேகியுங்கள், மாறாவிட்டால் வளையத்தை. இந்த மூன்று தடவையையும் முடிக்காமல் எந்தச் சிப்பையும் பழுது என்று நான் இப்போது எழுதுவதில்லை.

பின்சேர்க்கை: எல்லாம் பித்தளையாக மாற்றிய பிறகும் விலகல் போகவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சிப் உட்காரும் பலகையின் தங்கப் பூச்சைக் கவனிக்கச் சொன்னேன். வழக்கமான தங்கப் பூச்சுக்கு அடியில் நிக்கல் இருக்கும், நிக்கல் காந்தப் பொருள். நிக்கல் இல்லாத பலகையைச் செய்து வாங்கியதும் அவருக்குச் சரியாகிவிட்டது. பலகைக்கு ஆர்டர் கொடுக்கும்போதே நிக்கல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. சோதனை முடிந்ததும் ஆவலில் உடனே உறையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த சிப்பில் காற்றின் ஈரம் பனியாகப் படிந்து, உருகி, இணைப்புக் கம்பிகளுக்கு இடையில் நீராக நிற்கும். உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பிறகு திறவுங்கள்.