பெருங்குடல் ஆபரேஷனுக்கு முன் கேட்காமல் விடும் கேள்விகள்

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கமிருந்து குடல் ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள், கிளம்பும் முன் ஃபைலோடு என்னிடம் வருவதுண்டு. நான் ஸ்டோமா நர்ஸ்; மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் வாயையும் (ஸ்டோமா) அதன் பையையும் பராமரிக்க உதவுபவள். எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் யாரும் கேட்க மறப்பதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். முன்பு போனவர்கள் கேட்காமல் விட்டதையே புதிதாகப் போகிறவர்களும் விடுகிறார்கள்.

பை எந்த இடத்தில் வரும்?

பெருங்குடலின் உட்பகுதி அழன்று புண்ணாகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய்க்காகப் பெருங்குடலை எடுக்கும்போது, பெரும்பாலும் சிறுகுடலை வயிற்றுத் தோல் வழியே வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். இதுதான் இலியோஸ்டமி. மலம் அதன்மேல் ஒட்டியிருக்கும் பையில் விழும். அந்த வாய் எங்கே அமைய வேண்டும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேனாவால் குறிக்க வேண்டும். படுத்திருக்கும்போது சமமாகத் தெரியும் வயிறு, உட்கார்ந்தால் மடியும். மடிப்பில் பை ஒட்டாது.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒருவர். “டாக்டரு எல்லாம் பாத்துக்கிடுவாரு சிஸ்டர்” என்று சொல்லிப் போனார். யாரும் குறிக்கவில்லை. வாய் சரியாகச் சாரம் (லுங்கி) கட்டும் இடத்தில் வந்துவிட்டது. கட்டை இறுக்கினால் பை அடைக்கும். மரத்தடியில் குனிந்தால் ஓரம் பெயர்ந்து ஒழுகும். சிறுகுடலிலிருந்து வருவது நீர்த்த மலம். அதிலுள்ள செரிமான நொதிகள் தோலை அரித்துப் புண்ணாக்கும். இரண்டு மூன்று நாள் தாங்க வேண்டிய பையை ஒரே நாளில் இரண்டு முறை மாற்றினார். கூலி பைக்கே போயிற்று. பிறகு வேலையும் போயிற்று. முன்பே திட்டமிட்ட ஆபரேஷன் இது. ஒரு பேனாவும் கால் மணி நேரமும் போதும். அதைச் செய்யாமல் விடுவதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அதனால், அட்மிட் ஆகும்போதே உங்கள் சாரத்தையோ பாவாடையையோ கொண்டுபோங்கள். வழக்கம்போலக் கட்டிக்கொண்டு நின்று, உட்கார்ந்து, குனிந்து காட்டுங்கள். குறி இடுப்புக்கட்டு, தொப்புள், பழைய தழும்பு ஆகியவற்றை விட்டு விலகி இருக்க வேண்டும். உங்கள் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அவசர ஆபரேஷனில் இதற்கு நேரம் கிடைக்காமல் போகலாம். மற்றபடி, குறிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

எத்தனை கட்டம்?

சிறுகுடலை மடித்துப் பை போலத் தைத்து ஆசனவாயோடு இணைக்கும் ஜே பவுச் ஆபரேஷன், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கட்டமாக நடக்கும். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு நாளைக்கு நான்கு முதல் எட்டு முறை வரை மலம் கழிக்க வேண்டியிருக்கும். குடலின் எந்தப் பகுதியிலும் அழற்சி வரக்கூடிய க்ரோன்ஸ் நோய்க்கு இதை வழக்கமாகச் செய்வதில்லை. குடலை வெட்டி எடுத்தாலும் அந்த நோய் திரும்ப வரலாம்.

ஸ்டீராய்டு

நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பீடி, சிகரெட்

ஒரு மாதம் முன்பே விடுங்கள்.

குழந்தை

அடிவயிற்றில் செய்யும் பவுச் ஆபரேஷனுக்குப் பின் சில பெண்களுக்குக் கருத்தரிப்பது கடினமாகலாம். மாமியாரும் அண்ணனும் சூழ்ந்து நிற்கையில் எந்தப் பிள்ளை இதைக் கேட்கும்? டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அம்மாமாரே, நீங்களே கொஞ்சம் வெளியே போய் நில்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் என்ன குடிப்பது?

பெருங்குடல் இல்லாதபோது உப்பும் நீரும் பை வழியே வெளியேறும். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் இழப்பு கூடும். ஓஆர்எஸ், உப்புப் போட்ட கஞ்சிவெள்ளம் எவ்வளவு என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பை அடிக்கடி நிரம்பி, சிறுநீர் குறைந்து, எழுந்தால் தலை சுற்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.